பெட்டியின் முதுகு

“தம்பிய மன்னிச்சிரலாம்னு இருக்கேன் அம்மா. எப்படி மன்னிக்கிறதுன்னுதான் பிடிபடல.”

செண்பகராமன் இப்படிக் கேட்டது தெய்வானையம்மாவிடம்.

ராஜபாளையத்தில் ஒரு பேட்டரிக் கடைக்கு மாடியில் இருந்தது அம்மாவின் மடம். மடம் என்றால் ஒரு ஹாலும் பாயும்தான். கீழேயிருந்து எந்நேரமும் ஆசிட் வாசனை ஏறி வரும். அந்த வாசனையில் தியானம் செய்து மூக்கடைப்பு நீங்கியவர்கள் ஊரில் நிறையப் பேர். ஞானம் அடைந்தவர்கள் கணக்கை உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அம்மா செண்பகராமனைவிட வயதில் இளையவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் இதில் சங்கடம் கிடையாது.

“தம்பி என்ன செஞ்சாரு அண்ணாச்சி?”

“துரோகம்.”

“அது நீங்க வச்ச பேரு. செஞ்சது என்ன?”

செண்பகராமன் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தார். பலமுறை சொல்லிப் பழகிய கதை. எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

“கட்டப்போற வீடு முன்பக்கம் எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டுற கடை எங்களுது. வரையிறது தம்பி குத்தாலிங்கம். கல்லாவுல நான்.”

“சரி.”

“கம்ப்யூட்டர் பழசு. கடை திறந்தப்ப வாங்கினது.”

பழசு என்றால் லேசுப்பட்ட பழசு அல்ல. அதில் ஒரு வீட்டின் படத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், பக்கவாட்டுச் சுவர் கண்ணில் படுவதற்குள் வீட்டுக்காரர் நிஜ வீட்டையே கட்டிக் குடியேறி, மொட்டைமாடி ஒழுகுகிறது என்று கொத்தனாரோடு சண்டையும் போட்டு முடித்துவிடுவார். நம்பாதவர்கள் அந்தக் கொத்தனாரைக் கேட்டுக்கொள்ளலாம்.

“கிராபிக்ஸ் கார்டு ஒண்ண மட்டும் மாத்துவோம் அண்ணே, மத்ததெல்லாம் கெடக்கட்டும்னு தம்பி நச்சரிச்சான். படத்தத் திரையில கொண்டுவந்து காட்டுறது அந்தக் கார்டோட வேலையாம்.”

“மாத்தினீங்களா?”

“மாத்தினோம். வாங்கிட்டு வந்து பாத்தா, பெட்டிக்குள்ள போகல. செங்கல் நீளம் இருக்கு. குத்தாலிங்கம் உள்ள இருந்த தகரத்த ரம்பம் வச்சு அறுத்து வழி பண்ணினான். இதுக்குப் பழைய கரண்டு காணாதுன்னு பவர் சப்ளையையும் மாத்தினான். அறுக்கையில விரல்ல கிழிச்சிருச்சு. துணியச் சுத்திக்கிட்டே மாட்டி முடிச்சான்.”

“ஓடுச்சா?”

செண்பகராமனின் முகம், அவர் அனுமதி கேட்காமலே, மலர்ந்துவிட்டது.

“ஓடுச்சாவாவது! வீடு பம்பரமாச் சுத்துது அம்மா. பால்கனி, மாடிப்படி, தூணு நிழலு வரைக்கும் தெளிவாத் தெரியுது. குத்தாலிங்கம் கைதட்டுறான். நானும் தட்டுறேன். கடைக்கு வந்த ஆளு, வீடு கட்டப்போறது எங்களுக்குத்தான்னு நினைச்சு வாழ்த்திட்டுப் போறாரு.”

“அப்புறம்?”

“ஆயுத பூஜை வந்துச்சு.”

மலர்ந்த முகம் சுருங்கியது.

“பூஜைக்கு அவன் மாமனார் வீட்டுக்குப் போயிட்டான். சிவகிரி. அங்க அவன் மச்சினன், பையனுக விளையாடுறதுக்குன்னு கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். விளையாட்டுக்கும் இந்த மாதிரிக் கார்டுதான் வேணுமாம். அதைக் கவனிக்கணும் நீங்க.”

“கவனிச்சாச்சு.”

“நான் இங்க தனியாப் பூஜையப் போட்டேன். மறுநாள் பெட்டியப் போடுறேன், வீடு சுத்தல. பழையபடி கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல நிக்குது. எனக்கு அப்பவே விளங்கிருச்சு. புதுக் கார்டக் கழட்டி மச்சினனுக்குக் கொண்டு போயிட்டான். பழசத் திரும்ப மாட்டி வச்சிட்டான்.”

“பெட்டியத் திறந்து பாத்தீங்களா?”

“எதுக்கு? அதான் தெரியுதே.”

சன்னலுக்கு வெளியே தென்காசி பஸ் ஒன்று போனது. அம்மா அது போய் முடிகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி என்ன சொன்னாரு?”

“என்னத்தச் சொல்ல? ஸ்வீட்டு டப்பாவோட சிரிச்சுக்கிட்டு வந்தான். வாசல்லயே நிறுத்தினேன். ரோட்டுல போறவங்க நின்னு கேக்குற மாதிரிதான் கேட்டேன். திகைச்சுப்போய் நின்னான். ‘ஒரு நிமிஷம் பெட்டியப் பாக்கட்டுமா அண்ணே’ன்னான்.”

“பாத்தாரா?”

“திருட்டுக் கையால என் பெட்டியத் தொடாதடான்னேன்.”

இந்த இடத்தில் பெருமூச்சு வர வேண்டும். வரவில்லை.

“ஸ்வீட்ட வாசப்படியில வச்சிட்டுப் போயிட்டான். ஓசூர்ப் பக்கம் ஏதோ குடோன்ல வேலையாம். லாரியில ஏத்துற மூட்டைய எண்ணுற வேலை. நல்லா வரையிற கை அம்மா அது.”

“இப்பக் கடையில யாரு வரையிறா?”

“வந்தவன் ஒருத்தனும் நிக்கல. பெட்டி நகரலன்னு ஓடிருதானுக. பெட்டியத் திறந்து பாக்கவான்னு கேப்பானுக. பட்டனத் தட்டுறதோட நிறுத்திக்க, பெட்டியில கை வைக்காதம்பேன். ஒரு தடவை ஏமாந்தது போதாதா?”

“சரி. இப்ப எதுக்கு மன்னிக்கணும்?”

செண்பகராமன் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாயில் வைத்தார்.

“தம்பி, மகளுக்குக் காது குத்துறான். வர்ற ஞாயித்துக்கிழமை, எங்க சாஸ்தா கோயில்ல. பெரியப்பான்னு என் பேரத்தான் முதல்ல போட்டிருக்கான். அந்தப் பிள்ளைய என் மடியில உக்கார வச்சுத்தான் மொட்டை போட்டாங்க. இப்ப அது என்னை மறந்தே போயிருக்கும். போகணும் அம்மா. ஆனா மனசுல இத வச்சுக்கிட்டுப் போனா, அவன் மூஞ்சியப் பாத்ததும் வாய் சும்மா இருக்காது. அங்கேயும் ஏதாவது கேட்டுருவேன். அதோட எல்லாம் முடிஞ்சிரும். அதுக்கு முன்னாடி மன்னிச்சாகணும்.”

“கோவம் எப்ப வருது?”

“அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்தா வருது.”

“அப்ப அதத் தூக்கிட்டு வாங்க.”

“எத?”

“பெட்டிய.”

மறுநாள் மத்தியானம் செண்பகராமன் பெட்டியை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார். ஆட்டோவில் அதற்குத் தனி சீட்டு. மாடிப்படி ஏறும்போது அந்தப் பெட்டி படிக்குப் படி தன் எடையைக் கூட்டிக்கொண்டே வந்தது என்று அவர் இன்றும் சத்தியம் செய்கிறார். பிறகு இறங்கிப்போய்த் திரையை எடுத்து வந்தார். பிறகு கீபோர்டை. அம்மா ஒரு கை கொடுக்கவில்லை. பாயை மட்டும் சற்று நகர்த்தி இடம்விட்டார்.

எல்லா வயரையும் அதனதன் இடத்தில் செருகி, சுவிட்சைப் போட்டார். உள்ளே விசிறி கிளம்பிய சத்தத்தில், கீழே பேட்டரிக் கடைக்காரர் மழை வந்துவிட்டதென்று வெளியே காயப்போட்ட சாக்கை எடுத்து உள்ளே போட்டார்.

திரையில் ஒரு வீடு வந்தது. வீட்டைத் திரும்பச் சொன்னார். வீடு யோசித்தது.

“பாத்தீங்களா? இந்தா வந்துருச்சு கோவம்.”

அம்மா எழுந்து வந்தார். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து, முதுகு செண்பகராமனைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

“இத வச்சுத் தியானம் பண்ணுங்க.”

“இது முதுகு அம்மா.”

“ஆமா.”

“இதுல என்ன இருக்கு? ஓட்டையும் வயரும்.”

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது அண்ணாச்சி. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. தெரிஞ்சுக்குறேன்.”

குருவுக்குப் பாடம் சொல்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது. செண்பகராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மேல இருக்கிறது கரண்டு. இது கீபோர்டு வயரு. இது மவுஸு. இந்தா, இந்தத் தட்டையான ஓட்டையில போகுதே, இது திரைக்குப் போற வயரு. இதுல செருகலேன்னா படம் வராது.”

“கீழ மஞ்சளா இருக்கே, அது?”

செண்பகராமன் குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டார்.

“அது சந்தனம் அம்மா. அந்த ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டு. இன்னும் விழாம இருக்கு பாருங்க.”

“முதுகுலயா பொட்டு வைப்பீங்க?”

“முன்னாடியும் வச்சேன். அது அழிஞ்சிருச்சு. புதுக் கார்டு வந்த வருஷமாச்சே, அதுக்குன்னு தனியா ஒண்ணு வைக்க வேண்டாமா? உள்ள கையவிட முடியுமா? அதோட வாலு இங்கதான் வெளிய தெரியுது. அதுல அப்பினேன். நல்லாத் தாராளமா, நடுவுல குங்குமமும் வச்சு.”

“துடைச்சிட்டுத்தானே வச்சீங்க?”

“என்ன கேள்வி அம்மா? தூசியோட சாமி கும்பிடுற ஆளா நான்? வயரு மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டு, ஈரத்துணி, அப்புறம் காஞ்ச துணின்னு பளபளன்னு துடைச்சேன்.”

“வயரையெல்லாம் திரும்ப மாட்டினது?”

“நான்தான்.”

“எங்கெங்க மாட்டணும்னு தெரியுமா?”

“ஏன் தெரியாது? இத்தனை வருஷமா எந்த வயரு எந்த ஓட்டைன்னு பாத்துட்டுத்தானே…”

அவர் பேச்சு அங்கே நின்றது. ஏன் நின்றது என்று அவருக்கே அப்போது தெரியவில்லை.

அம்மா கேட்டார்:

“அதுக்கப்புறம் பூஜை வரலையா?”

“வந்துச்சு. நான் போடல. மனசு வரல.”

“அந்தப் பொட்ட எடுங்க.”

“சாமிக்கு வச்சது அம்மா.”

“எடுங்க.”

செண்பகராமன் நகத்தால் சுரண்டினார். வரவில்லை. ஓர் ஊக்கை வாங்கி நெம்பினார். சந்தனம் சில்லுச்சில்லாகப் பெயர்ந்து பாயில் விழுந்தது. குங்குமம் இருந்த இடத்துக்குப் பின்னால் இருட்டாக ஏதோ தெரிந்தது. ஊதினார்.

ஓர் ஓட்டை.

தட்டையான ஓட்டை. மேலே திரையின் வயர் செருகியிருந்ததே, அச்சு அசல் அதே போல.

செண்பகராமன் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. கடைசித் திருகாணி வர மறுத்தது. தகட்டை அப்படியே வளைத்துத் திறந்தார்.

உள்ளே, அறுத்த தகரத்துக்கு நடுவில், செங்கல் நீளத்துக்கு, புதுக் கார்டு இருந்தது.

அதன் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் வேலை கொடுக்காமல், யார் கண்ணிலும் படாமல், அந்தப் பூஜையிலிருந்து பெட்டியைப் போடும்போதெல்லாம் அது சும்மா சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

“கார்டு வர்றதுக்கு முன்னாடி செருகிக்கிட்டிருந்த பழைய ஓட்டையிலேயே செருகிட்டேன்,” என்றார் செண்பகராமன். அம்மாவிடம் சொன்னதுபோல் இல்லை. “புது ஓட்டைய நானே அடைச்சிட்டு.”

அம்மா பாயில் கிடந்த சந்தனச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மேலே இருந்த வயரைப் பிடுங்கி, கீழே செருகினார் செண்பகராமன். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை இறங்கியது.

திரை கறுத்தது. பிறகு வெளிச்சம் வந்தது. வீடு வந்தது. அவர் தொட்டதும் சுற்றியது. பால்கனி போனது, மாடிப்படி போனது, தூணும் தூணின் நிழலும் போயின. குத்தாலிங்கம் கடைசியாக வரைந்த வீடு. முற்றத்தில் ஒரு மரம்கூட வைத்திருந்தான். இலையெல்லாம் தனித்தனியாக அசைந்தன. அந்த மரத்தைச் செண்பகராமன் இப்போதுதான் பார்க்கிறார். இத்தனை நாளும் அது ஒரு பச்சைக் கறையாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

வீடு சுற்றிக்கொண்டே இருந்தது. யாரும் கைதட்டவில்லை.

செண்பகராமன் சொன்னார்:

“நான் கேக்க வந்தது…”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஒண்ணுமில்ல.”

கீழே யாரோ ஹாரன் அடித்துப் பேட்டரிக் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். செண்பகராமன் போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

“என்ன சொல்லப் போறீங்க?” என்று கேட்டார் அம்மா.

“ஒரு தப்பு நடந்து போச்சுடான்னு சொல்றேன்.”

“தானா நடந்துச்சா?”

அவர் யோசித்தார்.

“பூஜை அன்னைக்கு வயரு மாறிருச்சுன்னு சொல்றேன்.”

“போன் பண்றது வயரா?”

“அப்ப, எனக்குத் தெரியாமப் போச்சுன்னு…”

“தெரியலன்னு அன்னைக்குச் சொன்னீங்களா?”

“இல்ல.” அவர் குரல் இறங்கியது. “தெரியும்னுதான் சொன்னேன்.”

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

செண்பகராமன் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்து ஓயப்போகிற நேரத்தில் எடுக்கப்பட்டது.

“அண்ணே.”

அவன் பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. பிறகு குத்தாலிங்கமே பேசினான்.

“பத்திரிகை வந்துச்சாண்ணே? அவசியம் வந்துரணும். மதினியையும் கூட்டிட்டு வாங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து வேன் ஏற்பாடு பண்ணியிருக்கு. சிரமம் இருக்காது.”

ஊராரை அழைக்கிற மரியாதை அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. செண்பகராமனுக்கு அதில் உட்கார இடம்தான் கிடைக்கவில்லை.

“குத்தாலிங்கம்.”

“சொல்லுங்கண்ணே.”

“கார்டு உள்ளதான்டா இருக்கு.”

செண்பகராமனே தொடர்ந்தார்.

“நீ எடுக்கல. நான்தான் பூஜையில வயரப் பிடுங்கி, பழைய ஓட்டையில மாட்டிட்டேன். இப்பத்தான் பாத்தேன். நான்தான்டா. நீ இல்ல. நான்.”

மறுமுனையில் யாரோ மூட்டைக் கணக்குக் கேட்டார்கள். குத்தாலிங்கம் அவர்களிடம், கொஞ்சம் பொறுங்க என்றான். பிறகு அமைதியாகச் சொன்னான்:

“தெரியும்ணே.”

“என்ன தெரியும்?”

“வயரு மாறியிருக்குன்னு. அன்னைக்கு வாசல்ல நிறுத்தினீங்கல்ல? பெட்டியோட முதுகு வாசப்பக்கம்தானே இருக்கும். நின்ன எடத்துல இருந்தே தெரிஞ்சுது.”

செண்பகராமன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானடா? ஒரு வார்த்தை. வயரு மாறியிருக்கு அண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“அன்னைக்கு நீங்க வயரப் பத்தியாண்ணே பேசினீங்க?”